பேப்பரில் வைத்த பொட்டு

கடைத் தம்பிகளுக்கு,

என் கையெழுத்து நன்றாக இருக்காது. தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்று இன்றைக்கும் யோசித்துத்தான் போடுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். போன வாரம் என்னைக் கடைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அண்ணே, உங்க காலத்துல எப்படி செஞ்சீங்க, கொஞ்சம் சொல்லுங்க லா" என்று கேட்டீர்கள். எனக்கு வாய் வரவில்லை. இத்தனை பேர் சேர்ந்து என் முகத்தையே பார்த்தால் எனக்கு டீ கூட உள்ளே இறங்காது. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்ததற்குக் காரணம் அதுதான். உங்கள் டீயில் குறையில்லை.

நீங்கள் இப்போது கார்க் கண்ணாடியில் பெட்டி மாட்டுகிறீர்கள். டவுனுக்குள் நுழையும்போது சாலைக்கு மேலே வளைவு மாதிரி நிற்கும் கேன்ட்ரிக்கு அடியில் போனால் 'பீப்' என்று கத்தி, உள்ளே இருக்கும் கேஷ்கார்டிலிருந்து காசை எடுத்துக்கொள்ளும் பெட்டி. நான் முதுகு வலியால் வேலையை விட்ட பிறகுதான் அது வந்தது. என் கையால் ஒன்றுகூட மாட்டியதில்லை. எப்படி ஒட்டுவது, எந்த ஒயரை எங்கே கொடுப்பது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் நாளில் பெட்டி இல்லை, பேப்பர்தான். காலை நேரத்தில் டவுனுக்குள் போகும் காருக்கு ஒரு அனுமதிப் பேப்பர் வாங்கி முன்கண்ணாடியில் வைக்க வேண்டும். நாள் பேப்பர் உண்டு, மாதப் பேப்பர் உண்டு. மாதம் மாறினால் நிறம் மாறும். கேன்ட்ரி பக்கத்தில் போக்குவரத்து வார்டன்கள் நின்றுகொண்டு ஓடுகிற காரின் கண்ணாடியைப் பார்ப்பார்கள். நிறுத்த மாட்டார்கள், கையும் காட்ட மாட்டார்கள். பேப்பர் சரியில்லை என்று பட்டால் நம்பரைக் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பிறகு அபராதம் கட்டச் சொல்லிச் சம்மன் வரும்.

ஜாலான் புசாரில் எங்கள் கடை கண்ணாடிக் கடை. உடைந்த முன்கண்ணாடியை எடுத்துப் புதுசு போடுவது முக்கிய வேலை. பேப்பர் வந்த பிறகு அதை வைக்கிற பிளாஸ்டிக் உறையை ஒட்டிக் கொடுப்பதும் சேர்ந்துகொண்டது. சீன முதலாளி. கல்லாவை விட்டு எழ மாட்டார், எங்களையும் அதட்ட மாட்டார். வேலைக்கு நானும் மரியதாஸும். மரியதாஸ் கத்தோலிக்கன், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவன், வாயும் மூடாதவன். நான் நாள் முழுவதும் பேசாமல் இருப்பதை அவன் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவான்.

முதலில் ஒரு சின்ன விஷயம். பின்னால் நடந்தது புரிய இது தேவை.

கடைக்கு நான் புதிதாக வந்த சமயம், ஒரு கடைக்காரர் வேனைக் கொண்டுவந்தார். முன்கண்ணாடி நொறுங்கியிருந்தது. இன்சூரன்ஸ்காரர் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி நிறுத்திவிட்டுப் போனார். அப்போது எங்களோடு ஒரு வேலையாள் இருந்தார், ரொம்ப சுத்தக்காரர். சீட்டெல்லாம் கண்ணாடித் தூளாகக் கிடக்கிறதே என்று பாவப்பட்டு, எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, ரப்பரில் ஒட்டியிருந்ததையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, டேஷ்போர்டை ஈரத்துணியால் துடைத்து வைத்துவிட்டார். இன்சூரன்ஸ்காரர் வந்தார். "கல் எங்கே பட்டது?" என்று கேட்டார். காட்ட ஒன்றுமில்லை. வெறும் ஓட்டைதான் இருந்தது. உள்ளிருந்து உடைத்தார்களா, வெளியிலிருந்து அடிபட்டதா என்று எதைப் பார்த்து எழுதுவார்? வேன்காரர் எங்கள் வாசலில் நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு பழக்கம். பார்க்க வேண்டியவர் பார்க்கும் வரை கெட்டுப்போனதில் கை வைக்கக் கூடாது.

இப்போது கோவிந்தன் கதை.

கோவிந்தன் ஒரு கம்பெனி மேனேஜருக்குக் கார் ஓட்டினான். பிடோக்கில் புதிதாக வீடு கிடைத்துக் குடிபோயிருந்தான். வீட்டில் மனைவி, கைக்குழந்தை. காரை இரவில் தன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே நிறுத்திக்கொள்வான். காலையில் போய் மேனேஜரை ஏற்றி டவுனுக்குள் இருந்த ஆபீசில் விடுவான். நல்ல ஓட்டுநர். ஆனால் ஒரு மாதம் பழைய பேப்பரை மாற்ற மறந்து கேன்ட்ரியைத் தாண்டிவிட்டான். கம்பெனிக்குச் சம்மன் போனது. மேனேஜர் சத்தம் போடவில்லையாம். "இன்னொரு தடவை வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கோவிந்தனே எங்கள் கடைக்கு வந்து இதைச் சொன்னான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை செப்டம்பர் மாதக் கடைசி நாளில், ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. முதலாளி பூஜைக்குக் கடையை எங்களிடமே விட்டுவிடுவார். பொரியும் சுண்டலும் ஒரு பொட்டலம் தனக்கு வந்தால் போதும். கண்ணாடி வெட்டும் வைரம், கண்ணாடி தூக்கும் ரப்பர்க் கிண்ணம், ரப்பருக்குள் கண்ணாடியை இறக்க உதவும் கயிறு, சுத்தியல், ஸ்குரூடிரைவர் எல்லாவற்றையும் கழுவி, மேசையில் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். தெரிந்த ஓட்டுநர்களும் வண்டியைக் கொண்டுவருவார்கள். மரியதாஸ் பொட்டு வைத்துக்கொள்ள மாட்டான். ஆனால் வாழை இலை வெட்டுவது, தேங்காய் உரிப்பது, சுண்டலைக் காலி செய்வது எல்லாம் அவன்தான்.

கோவிந்தன் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு காரோடு வந்தான். காருக்குப் பொட்டு வைத்தான், மாலை போட்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து அக்டோபர் மாதப் பேப்பரை எடுத்தான்.

"அண்ணே, இதையும் சாமிகிட்ட வைங்க."

"பேப்பரையா?" என்றேன்.

"இந்தப் பேப்பர்தான அண்ணே எனக்குச் சோறு. போன தடவ இதாலதான அவ்வளவு பேச்சு வாங்குனேன்."

சரி என்று வைரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கோவிந்தன் தானே சந்தனத்தைத் தாராளமாக எடுத்து, பேப்பர் நடுவில் ஒரு பெரிய பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தினான். நடுவில்தான் மாதம் அச்சடித்திருந்தது.

உங்களுக்குத் தெரியும், பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும் வரை யாரும் தொடுவதில்லை. பேப்பரும் அன்று ராத்திரி அம்மனோடு கடையிலேயே இருந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் கோவிந்தன் வந்துவிட்டான். நான் கற்பூரம் காட்டினேன். பேப்பரை எடுத்து உறையில் வைக்கப் போனபோது மரியதாஸ் எட்டிப் பார்த்தான்.

"மச்சான், இது என்ன மாசம்னே தெரியல லா. குடு, நான் தொடச்சிடறேன். உங்க சாமி கோவிச்சா என்னைத்தான கோவிக்கும். நான் எங்க ஃபாதர்கிட்ட சொல்லி சரி பண்ணிக்கிறேன்."

"டேய், பூஜை பண்ண பொட்ட அழிக்கிறதா? காலங்காத்தால வாயக் கழுவு!" என்றான் கோவிந்தன்.

"கழுவிட்டுத்தான்டா வந்தேன். நீ பேப்பரக் கழுவு."

எல்லோரும் சிரித்தோம். ஓரத்தில் இரண்டு எழுத்து தெரிகிறதே, நிறமும் புது மாத நிறம்தானே, போதும் என்று எனக்கும் தோன்றியது. நம்மில் யாருக்கும் குங்குமத்தை அழிக்கக் கை வராது. அது அழிக்கக் கூடிய ஒரு பொருள் என்றே அன்று எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் படவில்லை. எழுத்துப் பக்கம் வெளியே தெரியும்படி உறையில் நுழைத்தேன். கோவிந்தன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினான்.

மத்தியானம் திரும்பி வந்தான். காரை நடுரோட்டில் பாதி, கடை வாசலில் பாதி என்று நிறுத்திவிட்டு இறங்கினான்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க."

வெளியே போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தேன். சந்தனம் ஈரமாக இருந்திருக்கிறது. உறைக்குள் காற்றுப் போக வழியில்லை. வெயிலில் வேர்த்து, குங்குமம் கரைந்து பேப்பர் முழுவதும் பரவியிருந்தது. புது மாத நிறமும் இல்லை, பழைய மாத நிறமும் இல்லை. சிவப்பு. எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

"காலையில கேன்ட்ரியத் தாண்டும்போது வார்டன் குனிஞ்சு பார்த்துட்டு எழுதுனாருண்ணே. வேற யாருக்கோன்னு நெனச்சேன். ஆபீஸ்ல விட்டுட்டுக் கண்ணாடி தொடைக்க இறங்குனாத்தான் தெரியுது." சொல்லிக்கொண்டே அவன் வாளியைத் தேடினான். "தண்ணி குடுங்க. கழுவிடலாம். கழுவுனா எழுத்து தெரியும்ல?"

மரியதாஸ் ஒரு லாரிக்குக் கண்ணாடி இறக்கிக்கொண்டிருந்தான். கயிறு பாதி இழுத்த நிலையில் இருந்தது. அதை அப்படியே விட்டு நகர முடியாது. அங்கிருந்தே, "இப்பக் கழுவுறானாம்! காலையில எங்க போச்சு புத்தி?" என்றான்.

கோவிந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாவியக் குடுன்னா நான் எங்கண்ணே போவேன்? வீட்டுக்கு மாசாமாசம் கட்டணும். அவகிட்ட என்ன சொல்றது?"

மரியதாஸ் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

எனக்கு அந்த வேன் ஞாபகம் வந்தது. கழுவினால் மையும் சேர்ந்து போகும். போகாவிட்டாலும், இது கழுவிய பேப்பர், என்னவோ செய்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். எழுத்தின் மேல் பேனாவால் இழுத்துவிடலாமா என்றும் கோவிந்தன் கேட்டான். அது இன்னும் மோசம். இப்போது நடந்தது அசட்டுத்தனம். பேனா பட்டால் அது குற்றம்.

"கை வைக்காத. கார அப்படியே ஆபீசுக்குக் கொண்டுபோயிக் காட்டுவோம்" என்றேன்.

"எந்த ஆபீசு?"

"பேப்பர் குடுக்குற ஆபீசு."

"நீங்க வர்றீங்களா?"

அவ்வளவு யோசித்த நான் இதை யோசிக்கவில்லை. கவுண்டரில் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. இங்கிலீஷ் வராது. மரியதாஸ் போயிருந்தால் பேசித் தள்ளியிருப்பான். ஆனால் அவன் கையில் கயிறு. பேப்பரை உறையில் வைத்தது நான். "போ மச்சான், பயந்தா உண்மைய மட்டும் சொல்லு, அது சின்னதாத்தான் இருக்கும்" என்றான் மரியதாஸ். உறையை எடுக்கச் சொன்னால் உதவும் என்று, மேசையிலிருந்த பிளேடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

கவுண்டரில் ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தார். அதுவே எனக்குப் பாதி உயிர் வந்தது போல. மலாய் எனக்கு நன்றாக வரும். காரை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து வந்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்றவர் ஓரடி பின்னால் போனார்.

"ரத்தமா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்லை, செம்பாயாங்" என்றேன். சாமி கும்பிடுவதை மலாயில் அப்படித்தான் சொல்வோம். நேற்று எங்களுக்குத் தொழில் சாமான்களைக் கும்பிடும் நாள், இந்தப் பேப்பர் இவருக்குத் தொழில் சாமான், அதனால் பொட்டு வைத்தோம், வெயிலில் கரைந்துவிட்டது என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது சிறுபிள்ளைத்தனமாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து உறையை எல்லாப் பக்கமும் பார்த்தார். கார்க் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளேயும் பார்த்தார். "கழுவாமல் கொண்டுவந்தது நல்லது. கழுவியிருந்தால் நான் ஒன்றும் பேச முடியாது" என்றார். பார்த்ததைக் குறித்துக்கொண்டார். சம்மனை நிறுத்துவது தன் கையில் இல்லை என்றும், வந்தால் இந்த உறையை இப்படியே கொண்டுவரும்படியும், நாளைக்கு வேறு பேப்பர் வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னார். போகும்போது கோவிந்தனைத் திரும்பிப் பார்த்து, "உங்கள் முதலாளிக்குச் சம்மன் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள்" என்றார்.

திரும்பி வரும் வழியில் கோவிந்தன் மணியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். மேனேஜருக்குச் சாப்பாட்டு நேரம் முடிய இருந்தது. அவர் ஆபீசுக்குப் பக்கத்தில் வந்ததும் காரை ஓரமாக நிறுத்தினான்.

"அண்ணே, பிளேடு வச்சிருக்கீங்கள்ல? இப்பவே எடுத்துடுங்க. நான் ஓடிப்போயி ஒரு பேப்பர் வாங்கி வச்சிடறேன். அந்தம்மாதான் எழுதிக்கிச்சே. சம்மன் வராமலே போயிடும் லா."

"வந்தா?"

"வந்தா அப்பப் பார்த்துக்கலாம்."

பிளேடு என் சட்டைப் பையில்தான் இருந்தது. உறையை எடுக்க ஒரு நிமிஷம் ஆகாது. அவன் கேட்டதில் பொய்யும் இல்லை, சட்டத்துக்கு விரோதமும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தால் எடுத்துக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. தம்பிகளே, நம் வேலையில் தப்பான வேலை செய்யச் சொல்லி யாரும் கத்தியைக் காட்ட மாட்டார்கள். இப்படித்தான் கேட்பார்கள்.

"கோவிந்தா, எடுத்துட்டா உன்கிட்ட இருக்கறது ஒரு செவப்புக் காகிதம். கண்ணாடியில இருக்கற வரைக்கும்தான் இது என்ன நடந்துச்சுன்னு சொல்லும். அந்தம்மாவுக்குக் காட்டுன மாதிரியே அவருக்கும் காட்டு. நான் கூட நிக்கிறேன்."

"அவரு சாவியக் கேட்டா?"

"கேட்டாக் குடு" என்றேன். அதைச் சொன்ன குற்றத்துக்கு அவனைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேனேஜர் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உயரமான சீனர், வெள்ளைச் சட்டை. முன்சீட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒருவன் இறங்குவதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். கோவிந்தன் அவரைக் காருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய்ப் பேப்பரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னான். பொட்டு தானே வைத்ததையும், ஒருவன் துடைக்கிறேன் என்றதையும், தான் வேண்டாம் என்றதையும், வார்டன் எழுதியதையும். நான் பேப்பரை வைத்தது நான்தான் என்று மட்டும் சொன்னேன்.

மேனேஜர் குனிந்து சிவப்புப் பேப்பரைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"சாவி."

கோவிந்தன் கொடுத்தான். கூட்டிக்கொண்டு வந்து இவன் பிழைப்பைக் கெடுத்தோமே என்று நினைத்தேன்.

மேனேஜர் கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து கோவிந்தனே பார்த்ததில்லையாம். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியைப் பார்த்தார். இறங்கி முன்னால் வந்து பார்த்தார். மறுபடியும் போய் உட்கார்ந்தார். பேப்பர் கெட்டியான தாள். சிவப்பு முழுவதும் எழுத்துப் பக்கத்தில்தான். ஓட்டுகிறவன் பக்கம் பேப்பரின் முதுகு, வெள்ளையாக, ஒரு கறை இல்லாமல் இருந்தது.

"இங்கே உட்கார்ந்தால் ஒன்றும் தெரியவில்லை" என்று மலாயில் சொன்னார், என்னைப் பார்த்து.

"தெரியாது, துவான்" என்று மரியாதையாகச் சொன்னேன்.

"அப்படியானால் வண்டியை விடும்போது ஒருவன் வெளியே நின்று பார்க்க வேண்டும்."

"ஆமாம், துவான்."

அது எனக்குச் சொன்னது. சாவியைக் கோவிந்தன் கையில் வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். "மூன்று மணி மீட்டிங்குக்கு நான் போக வேண்டும்" என்றார். கோவிந்தன் எந்தப் பக்கம் போய் ஏறுவது என்று தெரியாமல் காரை ஒரு சுற்றுச் சுற்றி ஏறினான். நான் பிளேடை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறையை முழுசாக அறுத்து எடுத்துக் கொடுத்தேன். பிறகு நடந்தே கடைக்கு வந்தேன்.

சம்மன் வந்தது. மேனேஜரே உறையை எடுத்துக்கொண்டு கோவிந்தனையும் கூட்டிக்கொண்டு போனாராம். அங்கே என்ன பேசினார், பணம் கட்டினாரா என்று கோவிந்தனுக்கே சரியாகத் தெரியவில்லை. அந்த மேனேஜர் வேலையை விட்டு ஓய்வு பெறும் வரை அவருக்குக் கார் ஓட்டினான்.

அடுத்த வருஷப் பூஜைக்குக் கார் வந்தபோது பின்சீட்டில் மேனேஜரும் இருந்தார். இறங்கிக் காருக்கு முன்னால் போய் நின்றார். பம்பரைக் காட்டித் தலையாட்டினார், கண்ணாடி மூலையைக் காட்டித் தலையாட்டினார், பேப்பர் உறையைக் காட்டி விரலை ஆட்டினார். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் கடையிலும் ஒரு வேலை கூடியது. மறுபூஜை முடிந்ததும் பேப்பரில், வைரத்தின் முனையில், பல்புக் கண்ணாடியில், எங்கெல்லாம் பொட்டு இருக்கக் கூடாதோ அங்கெல்லாம் துடைப்பது மரியதாஸின் வேலை. கிண்டல் இல்லாமல், ஈரத்துணியை நாலாக மடித்து, மெதுவாகத் துடைப்பான். "உங்க தோஷமெல்லாம் என் கணக்குல ஏறிட்டே போவுது. மேல போனா எந்தக் கேட்டுல நிக்கச் சொல்லப் போறாங்களோ" என்பான். அவன் துடைத்தால் எங்களுக்கு மனசு உறுத்தாது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் துடைத்த பிறகு நான் வெளியே போய், வண்டிக்கு முன்னால் நின்று பார்ப்பேன்.

நாளைக்குப் பூஜை. அந்த வருஷம் போலவே மாதக் கடைசியில் வருகிறது. வார்டன் இல்லை, நிறம் இல்லை, மாதம் இல்லை என்று இருந்துவிடாதீர்கள். டாக்சிக்காரர்கள் வருவார்கள். பெட்டிக்குப் பொட்டு வைப்பார்கள். கேஷ்கார்டை எடுத்து அம்மன் காலடியில் வைப்பார்கள், ஏனென்றால் அதுதான் இப்போது அவர்களுக்குச் சோறு. வேண்டாம் என்று தடுக்காதீர்கள், மனசு நோகும். வைக்கட்டும். மறுபூஜை ஆனதும் கார்டைத் துடைத்துக் காயவைத்துச் சொருகுங்கள். பெட்டியின் வாயிலும் எழுத்து தெரியும் இடத்திலும் சந்தனம் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒருவேளை பெட்டி கெட்டுப்போய்க் கத்தாமல் வந்தால், பிடுங்காமல், கழுவாமல், வண்டியோடு கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். கூட ஒருவர் போங்கள்.

மரியதாஸ் மகளோடு இருக்கப் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டான். துடைக்க இன்னொரு மரியதாஸைத் தேட வேண்டாம். நீங்களே துடையுங்கள், ஒன்றும் ஆகாது. துடைத்துவிட்டு வெளியே போய் நின்று பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை, 29 செப்டம்பர் 1998